உப்புக் காற்றும் வெள்ளித் தட்டும்

1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலம், நூறாண்டுக்கு மேல் இரண்டு எதிரிகளைச் சமாளித்தது. ஒன்று புயல், மற்றொன்று காற்று. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்து, பாலத்தின் கர்டர்களையும் கடலில் தள்ளியது. ஆனாலும் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலம் மறுபடி எழுந்துவிட்டது. காற்றோடு நடந்த சண்டைக்கு அப்படி முடிவே இல்லை. புயல் ஒரே ஓர் இரவு வந்து போனது, உப்புக் காற்றோ அன்றாடம் வந்தது. அமெரிக்காவின் மயாமிக்கு அடுத்தபடியாக உலோகத்தை அரிக்கும் கடற்கரை என்று பாம்பனைச் சொல்வார்கள். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபம் ஊரில் ஓர் அரிப்பு ஆய்வு மையத்தை வைத்து, இரும்பும் துத்தநாகமும் அலுமினியமும் இந்தக் காற்றில் எவ்வளவு வேகமாகத் தேய்கின்றன என்று அளந்துவந்தது இதனால்தான். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தின் கட்டுமானத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்ஸேன் என்ற தனிப் பூச்சும் சேர்ந்ததற்கும் காரணம் அதே காற்றுதான்.

பாலத்தைக் கவனிக்கப் பொறியாளர்கள் இருக்கிறார்கள். இராமேஸ்வரத்தில் ஒரு வீட்டுப் பீரோவுக்குள், பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்கும் கல்யாண டிவிடியை யார் கவனிப்பது?

தமிழ்நாட்டு ஸ்டூடியோக்கள் ஃபிலிமை விட்டு டிஜிட்டலுக்கு மாறிய 2000-களில், ஆல்பத்தோடு ஒரு தட்டும் கொடுப்பது வழக்கமானது. நெகட்டிவ் இனி இல்லை, தட்டுதான் நெகட்டிவ். சீமந்தம், காதுகுத்து, கோயில் திருவிழா, வீட்டுப் பெரியவரின் கடைசிப் படம் என எல்லாமே அந்த 12 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் போயின. 2015 ஜூலை 30 அன்று இராமேஸ்வரம் பேக்கரும்பில் அப்துல் கலாமை அடக்கம் செய்தபோது செல்போனில் எடுத்த படங்களைக்கூட, போன் நிறைந்துவிட்டதே என்று டிவிடியில் ஏற்றி வைத்தவர்கள் இருப்பார்கள். அவை இன்றைக்கும் திறக்கின்றனவா?

1964-க்கு முந்தைய தனுஷ்கோடியை, அதன் ரயில் நிலையத்தையும் துறைமுகத்தையும், நாம் இன்று பார்ப்பது கறுப்பு வெள்ளைப் படங்களில். அந்தப் படங்களில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் நுண்ணிய வெள்ளித் துகள்கள். பீரோவில் கிடக்கும் டிவிடியில் பளபளப்பதும் பெரும்பாலும் வெள்ளிதான். உலோகம் ஒன்றே. ஆனால் காகிதத்தில் இருக்கும் வெள்ளி பாதி அழிந்தாலும் முகம் மங்கலாகவாவது தெரியும். தட்டில் இருக்கும் வெள்ளி ஓர் அளவுக்கு மேல் கெட்டால் படம் முழுதாகப் போய்விடும்.

தட்டுக்குள் என்ன இருக்கிறது?

கணினியில் எழுதும் சிடி நான்கு அடுக்குகளால் ஆனது. கீழே 1.2 மில்லிமீட்டர் தடிமனில் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன் மேல் ஒரு சாயப் பூச்சு. சாயத்தின் மேல், ஒரு மைக்ரானுக்கும் மிகக் குறைவான தடிமனில் உலோகப் படலம். எல்லாவற்றுக்கும் மேலே வார்னிஷ் போல ஒரு பாதுகாப்புப் பூச்சு.

எழுதும்போது 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் பிளாஸ்டிக்கை ஊடுருவிச் சென்று சாயத்தைப் பொசுக்குகிறது. பொசுங்கிய புள்ளி மங்கல், பொசுங்காத இடம் பளிச். மங்கலும் பளிச்சும் மாறிமாறி வருவதுதான் உங்கள் படம். மிகச் சிறிய புள்ளியின் நீளம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. இந்தப் புள்ளிகள் வரிசைகட்டி நிற்கும் தடம் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சுருளாகச் சுற்றிச் செல்கிறது. 80 நிமிட சிடி ஒன்றின் சுருளைப் பிரித்து நேராக நீட்டினால் ஏறத்தாழ ஐந்தே முக்கால் கிலோமீட்டர் வரும். பாம்பன் ரயில் பாலத்தைப் போல மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு. டிவிடியில் அந்தத் தடம் 12 கிலோமீட்டரை எட்டும்.

ஒரு சிடியை எடுத்து அடிப்பக்கத்தைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுவிலிருந்து ஓர் அளவு தூரம் வரை ஒரு நிறம், அதற்குப் பிறகு சற்றே வேறு நிறம், இடையில் வட்டக் கோடு ஒன்று தெரியும். உள்ளே எழுதிய பகுதி, வெளியே வெற்றுப் பகுதி. லேசர் பொசுக்கிய தடத்தை வெறுங்கண்ணால் பார்க்க முடிவது அந்த ஒரு கோட்டில்தான். அடுத்து, தட்டை டியூப்லைட்டுக்கு எதிரே நேராகத் தூக்கிப் பிடியுங்கள். ஊசி குத்தியதுபோல ஒளிப் புள்ளிகள் தெரிந்தால், அங்கே உலோகப் படலம் போய்விட்டது என்று பொருள். பழைய தட்டுகளில் விளிம்பை ஒட்டி இப்படிப் புள்ளிகள் கூட்டமாகத் தெரிவதுண்டு.

நம்மில் பலரும் சிடியின் பளபளக்கும் பக்கத்தைக் கண்ணும் கருத்துமாகக் காப்போம், பெயர் எழுதும் பக்கத்தைக் கண்டுகொள்ள மாட்டோம். உண்மையில் ஆபத்து அந்தப் பக்கத்தில்தான். கீழே 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. மேலே இருப்பதோ சில மைக்ரான் பூச்சு மட்டும். பால்பேனாவால் அழுத்தி எழுதினால் உலோகம் வரை கீறல் இறங்கும். மணமக்கள் படம் போட்ட ஸ்டிக்கரை ஸ்டூடியோவில் அழகாக ஒட்டிக் கொடுப்பார்கள். அந்தக் காகிதம் ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும்போது பசை பூச்சையும் சேர்த்து இழுக்கும். டிவிடியின் கட்டுமானம் இந்த வகையில் மேல். 0.6 மில்லிமீட்டர் தட்டுகள் இரண்டை ஒட்டி, நடுவில் உலோகத்தையும் சாயத்தையும் வைத்திருப்பார்கள். அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. ஒட்டுப்பசை விளிம்பு வரை சரியாகப் பரவாவிட்டால், அந்த இடுக்கு வழியாக ஈரம் நுழையும்.

வெள்ளி கறுக்கும், தங்கம் கறுக்காது

ஜப்பானின் தையோ யூடன் நிறுவனம் எழுதக்கூடிய சிடியை 1988-இல் உருவாக்கியபோது அதில் பூசியது அசல் தங்கம். தங்கம் காற்றோடும் ஈரத்தோடும் கந்தகத்தோடும் சேராது. பின்னர் விலைப் போட்டி முற்றியதும் பெரும்பாலான நிறுவனங்கள் வெள்ளிக்கும் வெள்ளிக் கலவைக்கும் மாறின.

வெள்ளியின் எதிரி கந்தகம். கொலுசு கறுக்கும் அதே வேதியியல்தான் இங்கும் நடக்கிறது. காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து கறுப்பான வெள்ளி சல்ஃபைடாக மாறுகின்றன. கொலுசைப் பாலிஷ் போட்டால் மறுபடி மின்னும். தட்டுக்குள் இருக்கும் வெள்ளியைத் துடைக்க வழியில்லை. இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரத் தொழிற்சாலை ஒன்றில் 1988 முதல் 1993 வரை அச்சான இசை சிடிகளில் இது பெரிய அளவில் நடந்தது. அங்கே வெள்ளியின் மேல் பூசிய பாதுகாப்புப் பூச்சுக்குக் கந்தகத்தைத் தடுக்கும் வலு இல்லை. கந்தகம் வந்தது தொலைவிலிருந்து அல்ல, சிடியோடு உறைக்குள் வைத்த காகிதத்திலிருந்தே. விளிம்பிலிருந்து பழுப்பேறி, ஒவ்வொரு பாட்டாகக் கெட்டுக்கொண்டே வந்தது.

காகித உறையே இவ்வளவு செய்யுமென்றால், இராமேஸ்வரம் கரையை நினைத்துப் பாருங்கள். ஒதுங்கி அழுகும் கடற்பாசிக் குவியல் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை வெளியிடும். அலைத் துளியோடு பறக்கும் உப்பில் குளோரைடு இருக்கும். அச்சடித்த சினிமா, பாட்டு சிடிகளில் பெரும்பாலும் இருக்கும் அலுமினியத்தைக் குளோரைடு துளைத்துவிடும், வெள்ளியையும் விட்டுவைக்காது. போதாததற்குக் காற்றில் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி 70 விழுக்காட்டுக்கு மேல். அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனம் 2003-இல் வெளியிட்ட கையேடு, தட்டுகளை 4 முதல் 20 டிகிரி வெப்பத்திலும் 20 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்திலும் வைக்கச் சொல்கிறது. மார்கழி விடியலிலும் இராமேஸ்வரம் அந்த அளவுக்குக் கீழே இறங்குவதில்லை. பெட்டியின் மேல் ‘நூறாண்டு உழைக்கும்’ என்று அச்சிட்டிருப்பது அப்படிப்பட்ட குளிர் அறைக்கான கணக்கு. நம் ஊர்ப் பீரோவுக்கு அந்தக் கணக்கு செல்லாது.

பூஞ்சையும் சும்மா இருப்பதில்லை. மத்திய அமெரிக்காவின் பெலிஸ் நாட்டிலிருந்து வந்த ஒரு சிடியை 2001-இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, ஜியோட்ரிக்கம் என்ற பூஞ்சை விளிம்பு வழியாக நுழைந்து பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் தின்றிருந்தது தெரிந்தது. பெலிஸும் வெப்பமும் ஈரமும் மிகுந்த கடலோரம்தான்.

நிறம் சொல்லும் சேதி

உலோகத்துக்கு அடுத்தது சாயம். சிடியில் மூன்று குடும்பங்கள் உண்டு. முதலில் வந்தது சயனைன். இதே குடும்பச் சாயங்கள்தான் முன்பு கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்குச் சிவப்பு நிறத்தையும் உணரும் திறனைக் கொடுத்தன. ஒளியை எளிதில் உறிஞ்சுவது ஃபிலிமில் பலம், தட்டில் அதுவே பலவீனம். வெயில் பட்டால் சயனைன் சீக்கிரம் வெளுக்கும். இரண்டாவது அடர் நீல அசோ. மூன்றாவது தாலோசயனைன். நீல, பச்சைப் பெயின்டுகளிலும் பால்பேனா மையிலும் சேரும் சாயக் குடும்பம் இது. வருடக்கணக்கில் வெயிலில் நின்றாலும் பெயின்ட் நீலம் லேசில் வெளுக்காததற்கு என்ன காரணமோ, இந்தத் தட்டு தாங்குவதற்கும் அதுவே காரணம். மூலக்கூறின் வளையக் கட்டமைப்பு அவ்வளவு உறுதி.

கனடா நாட்டின் மரபுப்பொருள் பாதுகாப்பு நிறுவனம் இந்தக் கூட்டுகளைத் தரவரிசைப்படுத்தியிருக்கிறது. தாலோசயனைனும் தங்கமும் சேர்ந்த சிடிக்கு 100 ஆண்டுக்கு மேல். அதே சாயத்தோடு வெள்ளிக் கலவை என்றால் 50 முதல் 100 ஆண்டு. கடையில் கிடைக்கும் சாதாரண டிவிடி-ஆர் தட்டுக்கு 10 முதல் 20 ஆண்டுதான். இவையும் நல்ல சூழலுக்கான மதிப்பீடுகளே. 2005-இல் கொடுத்த கல்யாண டிவிடி அந்த எல்லையைத் தாண்டிவிட்டது.

தங்கம் அவ்வளவு நல்லதென்றால் எல்லாத் தட்டிலும் அதையே பூசலாமே என்று தோன்றும். விலை ஒரு தடை, இயற்பியல் இன்னொரு தடை. சிடி படிக்கும் 780 நானோமீட்டர் அகச்சிவப்பையும் டிவிடி படிக்கும் 650 நானோமீட்டர் சிவப்பையும் தங்கம் நன்றாகத் திருப்பி அனுப்பும். புளூரே படிக்கும் 405 நானோமீட்டர் ஊதா ஒளியைத் தங்கம் பெருமளவு விழுங்கிவிடும். நீலத்தையும் ஊதாவையும் விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புவதால்தான் நம் கண்ணுக்குத் தங்கம் மஞ்சளாகத் தெரிகிறது. நகைக்கு அழகு கொடுக்கும் குணமே புளூரேக்கு ஆகாமல் போகிறது.

பிராண்டை நம்பலாமா?

ஒரு காலத்தில் இந்தியாவில் சிடி என்றாலே மோசர் பேர். 1983-இல் தொடங்கி, ஃப்ளாப்பி செய்து, 1999-இல் எழுதும் சிடிக்கு வந்து, நொய்டா பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து உலகத்துக்கே தட்டு அனுப்பியது. தமிழ்ப் படங்களின் சிடியைத் திருட்டு சிடியோடு போட்டி போடும் விலைக்கு விற்றது, படமும் தயாரித்தது. பென்டிரைவும் இணையமும் வந்தபின் அந்தச் சந்தை சரிந்து, 2018-இல் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவானது.

அந்தக் காலத்திலும் பெட்டிமேல் இருந்த பெயரும் தட்டைச் செய்த ஆலையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வெர்பேட்டிம் பெயரில் வந்த தட்டுகளில் சில, மோசர் பேர் ஆலையில் உரிமம் பெற்றுச் செய்தவை. தரத்துக்குப் பெயர்போன தையோ யூடன் 2015-உடன் இந்தத் தொழிலை விட்டது. வெர்பேட்டிமின் தட்டுத் தொழிலைத் தைவானின் சிஎம்சி நிறுவனம் 2019-இல் வாங்கியது. ஒரே பிராண்டில் ஐந்தாண்டு முன்பு வாங்கியதும் இன்று வாங்குவதும் வேறு வேறு தட்டாக இருக்கலாம். உள்ளே இருப்பது யாருடையது என்று அறிய வழி உண்டு. தட்டைக் கணினியில் போட்டு, அதன் முன்தடத்தில் பதிந்திருக்கும் தயாரிப்புக் குறியீட்டைக் காட்டும் இலவச மென்பொருளில் பார்க்கலாம். மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒரு தட்டை வாங்கி இப்படிச் சோதிப்பது நல்லது.

பழைய நல்ல தட்டைத் தேடி அலைவதிலும் பயனில்லை. எழுதாத வெற்றுத் தட்டுக்கும் வயதாகும். அதன் ஆயுள் 5 முதல் 10 ஆண்டு என்கிறது அதே அமெரிக்கக் கையேடு.

கடைசிவரை காட்டிக்கொடுக்காத நோய்

தட்டு கெடுவது ஏன் நமக்கு முன்கூட்டியே தெரிவதில்லை? ரீட், சாலமன் என்ற இரு கணிதவியலாளர்கள் 1960-இல் கண்டுபிடித்த பிழைதிருத்தக் கணக்கு இதற்குக் காரணம். ஒவ்வொரு படத்தின் தகவலையும் கலைத்துத் தடத்தின் பல இடங்களில் தூவி, கூடவே சரிபார்ப்பு எண்களையும் எழுதிவைக்கிறார்கள். சிடியின் தடத்தில் 2.5 மில்லிமீட்டர் வரை தொடர்ச்சியாக அழிந்தாலும், எஞ்சிய எண்களிலிருந்து கணக்குப் போட்டு அழிந்ததை அப்படியே மீட்டுவிடும். அதனால் பத்து ஆண்டாக அரித்துக்கொண்டிருந்தாலும் படம் பளிச்சென்று வரும். பிழை அந்த எல்லையைத் தாண்டிய நாளில் முன்னறிவிப்பே இல்லாமல் கோப்பு திறக்காது. ‘போன தீபாவளிக்குக்கூடப் போட்டுப் பார்த்தோமே’ என்று சொல்வது இதனால்தான்.

இந்த நோயையும் முன்பே பிடிக்கலாம். சில டிவிடி ரைட்டர்கள், திருத்திய பிழைகளின் எண்ணிக்கையையும் சொல்லும். சிடியில் நொடிக்குச் சராசரியாக 220 பிழைக்குள் இருக்க வேண்டும் என்பது தரநிலை. எழுதிய அன்று குறைவாக இருந்த எண் ஆண்டுக்கு ஆண்டு ஏறினால், நேரம் நெருங்குகிறது என்று அர்த்தம்.

ஆயிரம் ஆண்டுத் தட்டு

சாயமே பலவீனம் என்றால் சாயமே இல்லாமல் செய்துவிடலாமே? அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பிரிகம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கண்டுபிடிப்பிலிருந்து பிறந்த மில்லெனியாட்டா நிறுவனம் அதைத்தான் செய்தது. எம்-டிஸ்க் என்ற அந்தத் தட்டில் லேசர் கரிமச் சாயத்தைப் பொசுக்குவதில்லை, கனிமப் பொருள் அடுக்கில் வடு செதுக்குகிறது. ஆயிரம் ஆண்டு நிற்கும் என்று விற்றார்கள். 2009-இல் அமெரிக்கக் கடற்படையின் சைனா லேக் ஆய்வகம் 85 டிகிரி வெப்பத்திலும் 85 விழுக்காடு ஈரப்பதத்திலும் கடும் வெளிச்சத்திலும் பல தட்டுகளை வாட்டியது. எம்-டிஸ்க் மட்டுமே தாக்குப்பிடித்தது. பின்னர் பிரான்சின் தேசிய அளவியல் ஆய்வகம் 90 டிகிரியில் சோதித்தபோது, அது மற்ற நல்ல டிவிடிகளைவிடப் பெரிதாக மேம்பட்டதாகத் தெரியவில்லை. சாயம் கல்லாக மாறினாலும் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கும் பசையும் பழையவைதானே. ஆயிரம் ஆண்டை விளம்பரமாக எடுத்துக்கொள்ளலாம். சாயத் தட்டைவிட வெளிச்சத்தைத் தாங்கும் என்பதை நம்பலாம். மில்லெனியாட்டாவே 2016-இல் நொடித்துப்போனது, தட்டு மட்டும் வேறு பிராண்டுகளில் தொடர்கிறது.

சாதாரண புளூரேயிலும் இப்படி ஒரு பிரிவு உண்டு. பெரும்பாலான புளூரே-ஆர் தட்டுகள் சாயமில்லாமல் கனிமக் கலவையில் எழுதுபவை. விலை குறைத்து வந்த எல்டிஹெச் வகையில் மட்டும் மறுபடி சாயம். உறையில் எல்டிஹெச் என்றிருந்தால் படங்களுக்கு வேண்டாம். 25 ஜிபி புளூரே ஒன்றில் 5 எம்பி அளவுள்ள படங்கள் ஏறத்தாழ ஐயாயிரம் அடங்கும். ஃபேஸ்புக் நிறுவனமே, யாரும் திறந்து பார்க்காத பழைய படங்களுக்காக 10,000 புளூரே தட்டுகள் கொண்ட அலமாரி ஒன்றை 2014-இல் செய்து காட்டியது. ஒரு தடவை எழுதிவிட்டால் வைரஸ் வந்தாலும் தவறுதலாக டெலீட் அழுத்தினாலும் தட்டு மாறாது. ஹார்டு டிஸ்க்குக்கும் பென்டிரைவுக்கும் இல்லாத குணம் அது.

ஆனால் தட்டு நிலைத்தாலும் படிக்கும் இயந்திரம் நிலைக்க வேண்டுமே. புதிய லேப்டாப்களில் டிவிடி டிரைவே இருப்பதில்லை. சோனி 2025 பிப்ரவரியோடு எழுதும் புளூரே தயாரிப்பை நிறுத்திவிட்டது. ‘இணையத்தில் போட்டால் கவலையில்லை’ என்றவர்களுக்கும் 2021 ஜூன் 1 அன்று கூகுள் போட்டோஸ் வரம்பில்லா இலவச இடத்தை நிறுத்தியபோது பாடம் கிடைத்தது. எதுவும் தனியாக நிற்காது.

கடலோர வீட்டுக்கு

கடலோரத்தில் இருப்பவர் செய்யத்தக்கவை சில உண்டு. முதலில் படங்களைத் தேர்ந்தெடுங்கள். பேரன் பேத்தி பார்க்க விரும்பும் படங்களை மட்டும் பிரித்துவைத்தால் வேலை பாதியாகும். அவற்றை எம்-டிஸ்க்கிலோ சாயமில்லாத புளூரேயிலோ இரண்டு பிரதி எழுதுங்கள், இரண்டும் வெவ்வேறு ஆலைத் தட்டுகளாக இருக்கட்டும். எம்-டிஸ்க் டிவிடிக்கு அதை எழுதக்கூடிய ரைட்டர்தான் வேண்டும், பெட்டியில் அந்தக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். தட்டு தாங்கும் உச்ச வேகத்தில் எழுதாமல் நடுத்தர வேகத்தில் எழுதி, முடிந்ததும் சரிபார்ப்பு ஓட்டுங்கள். ஸ்டிக்கர் வேண்டாம். பெயரை உறையில் எழுதுங்கள், தட்டில் எழுதியே ஆக வேண்டுமென்றால் நடுத்துளையைச் சுற்றியுள்ள தெளிந்த வளையத்தில் நீர் மைப் பேனாவால் எழுதுங்கள். காகித உறையைத் தவிர்த்து, பிளாஸ்டிக் பெட்டியில் நிமிர்த்தி வைத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடுங்கள். மழைக்காலத்துக்கு முன் பொட்டலத்தை மாற்றுங்கள். கடற்பக்கச் சன்னலையும் சமையலறையையும் ஒட்டிய அலமாரி வேண்டாம்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பரப்பிய கணக்கு ஒன்று உண்டு. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில். இராமேஸ்வரத்தில் இருப்பவருக்கு அந்த வேறு ஊர் மதுரையோ திருச்சியோ ஆகட்டும், கடலிலிருந்து விலகி இருந்தால் போதும். மிக முக்கியமான நூறு படங்களை நல்ல தாளில் பிரின்ட் போட்டு வையுங்கள். அதைப் பார்க்க எந்த இயந்திரமும் வேண்டாம்.

பத்தாண்டுக்கு மேல் பழைய தட்டு ஒன்று வீட்டில் இருந்தால், அதிலிருக்கும் படங்களை இந்த வாரமே ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள். இன்று திறக்கிற தட்டு அடுத்த மழைக்காலத்துக்குப் பிறகும் திறக்கும் என்பதற்கு எந்த நிறுவனமும் உத்தரவாதம் தருவதில்லை.